அமெரிக்கக் கால்நடை மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பிப்பது எப்படி: முதல் செமஸ்டரிலிருந்து ஏப்ரல் 15 வரை

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நேராகக் கால்நடை மருத்துவத்தில் சேர முடியாது. முதலில் கல்லூரியில் இளநிலைப் பாடங்கள், பிறகு கால்நடை மருத்துவர் பட்டமான டி.வி.எம். தரும் நான்கு ஆண்டுப் படிப்பு. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் இதே பட்டத்தை வி.எம்.டி. என்ற பெயரில் தருகிறது. இரண்டுக்கும் மதிப்பு ஒன்றுதான். அரிசோனா பல்கலைக்கழகம் கோடை விடுமுறை இல்லாமல் தொடர்ந்து நடத்தி மூன்றே ஆண்டில் முடிக்கிறது. இளநிலைப் பட்டம் கையில் இருந்தாக வேண்டும் என்று பல பள்ளிகள் கேட்பதில்லை, குறிப்பிட்ட பாடங்களை முடித்திருந்தால் போதும். ஆனாலும் சேருகிறவர்களில் பெரும்பாலானோர் பட்டம் பெற்றவர்களே.

படிவத்தை நிரப்புவது ஒரு கோடைக்கால வேலை. அதில் நிரப்புவதற்கானதைச் சேர்க்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். நல்ல மதிப்பெண்ணும் உண்மையான ஆர்வமும் உள்ள பிள்ளைகள்கூட விடுபட்ட ஒரு பாடத்தாலும், பழைய கல்லூரியிலிருந்து வராத ஒரு மதிப்பெண் பட்டியலாலும், குறித்து வைக்காத அனுபவ மணிகளாலும் ஓர் ஆண்டை இழக்கிறார்கள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த இழப்பைத் தவிர்ப்பதற்காகவே.

தொடங்கும் முன் ஒரு விஷயம். இந்தியாவிலோ இலங்கையிலோ ஏற்கெனவே பி.வி.எஸ்சி. முடித்தவர்களுக்கு இந்த வழி தேவையில்லை. வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கென்று இ.சி.எஃப்.வி.ஜி., பேவ் என இரண்டு சான்றிதழ்த் திட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை முடித்து, நேவ்லி என்னும் உரிமத் தேர்வில் தேறி, அந்தந்த மாநிலத்தின் நிபந்தனைகளை நிறைவேற்றினால் அங்கே தொழில் செய்யலாம். மறுபடி நான்கு ஆண்டுகளையும் கட்டணத்தையும் செலவிடும் முன் அந்தப் பாதையை விசாரித்துவிடுங்கள்.

காலக்கணக்கு

விண்ணப்பம் ஏறத்தாழ எல்லாப் பள்ளிகளுக்கும் வி.எம்.காஸ் என்ற ஒரே இணையச் சேவை வழியாகப் போகிறது. அமெரிக்கக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.வி.எம்.சி. அதை நடத்துகிறது. டெக்சஸ் மாநிலத்துக்கு மட்டும் டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். என்று தனிச் சேவை உண்டு, அதன் தேதிகளும் வேறு. கனடாவின் பள்ளிகளிலும் பல தங்களுக்கென்று தனி விண்ணப்பம் வைத்திருக்கின்றன.

2028 ஆகஸ்டில் வகுப்பில் உட்கார நினைக்கிறவருக்குக் கணக்கு இப்படி வரும். 2027 தொடக்கத்தில் படிவம் திறக்கும். மே மாத வாக்கில் பள்ளிகளைச் சேர்த்துச் சமர்ப்பிக்கலாம். செப்டம்பர் நடுவில் கடைசித் தேதி. நேர்முகங்கள் அந்தக் குளிர்காலத்தில் நடக்கும். இடம் கிடைத்தால் சேருவதா வேண்டாமா என்று 2028 ஏப்ரல் 15-க்குள் பதில் சொல்ல வேண்டும். அதாவது வகுப்பு தொடங்குவதற்கு ஏறக்குறைய ஓர் ஆண்டுக்கு முன்பே விண்ணப்பம் போய்விடுகிறது. நான்கு ஆண்டில் இளநிலை முடித்து இடைவெளியில்லாமல் சேர வேண்டுமென்றால், மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில் எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

முன்தேவைப் பாடங்கள்

பள்ளிக்குப் பள்ளி பட்டியல் மாறும். ஆனால் பொதுவான முதுகெலும்பு ஒன்று உண்டு: ஆய்வகத்தோடு உயிரியல் இரண்டு செமஸ்டர், ஆய்வகத்தோடு பொது வேதியியல் இரண்டு செமஸ்டர், கரிம வேதியியல் ஒன்று அல்லது இரண்டு, உயிர்வேதியியல் ஒன்று, இயற்பியல் ஒன்று அல்லது இரண்டு, புள்ளியியல், மரபியல். பல பள்ளிகள் நுண்ணுயிரியலும் கேட்கும். ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி, மேடைப்பேச்சு, சில சமூக அறிவியல் பாடங்கள், உடலியங்கியல், கால்நடை ஊட்டச்சத்தியல் என்று ஆங்காங்கே கூடுதலாக வரும். எந்தப் பள்ளி எதைக் கேட்கிறது என்ற ஒப்பீட்டு அட்டவணையை ஏ.ஏ.வி.எம்.சி. வெளியிடுகிறது. அதை முதலாம் ஆண்டிலேயே எடுத்து வைத்துக்கொண்டு, நீங்கள் நினைக்கும் பள்ளிகளின் சொந்தப் பக்கங்களோடு ஒத்துப் பாருங்கள். இரண்டும் மாறுபட்டால் பள்ளியின் பக்கத்தில் இருப்பதே செல்லும்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது வேதியியல் வரிசை. பொது வேதியியல் இரண்டை முடிக்காமல் கரிம வேதியியலில் உட்கார முடியாது. அதை முடிக்காமல் உயிர்வேதியியலுக்குப் போக முடியாது. ஐந்து செமஸ்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் வரிசை அது. முதலாம் ஆண்டில் தொடங்கினால் மூன்றாம் ஆண்டின் முதல் செமஸ்டரில் முடியும், விண்ணப்பிக்கும்போது எல்லா மதிப்பெண்ணும் கையில் இருக்கும். இரண்டாம் ஆண்டில் தொடங்கினால், விண்ணப்பம் சமர்ப்பிக்கும் மாதத்தில்தான் உயிர்வேதியியல் வகுப்பில் முதல் பாடம் நடந்துகொண்டிருக்கும். அதையும் பள்ளிகள் ஏற்கும். ஆனால் எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்பது பள்ளிக்குப் பள்ளி வேறு. மூன்றாம் ஆண்டில் தொடங்குகிறவர் ஓர் ஆண்டு இடைவெளி விட்டுத்தான் சேர முடியும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்த ஆண்டில் மருத்துவமனையில் வேலை பார்த்து அனுபவம் சேர்ப்பவர்கள் ஏராளம். முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தவறு நடக்கும் இடங்கள் சில. மேல்நிலைப் பள்ளியில் எழுதிய ஏ.பி. என்னும் கல்லூரி நிலைத் தேர்வின் மதிப்பெண்ணைக் கல்லூரி ஏற்றுக்கொண்டிருக்கும். கால்நடை மருத்துவப் பள்ளி அதை ஏற்காமல், அதற்கு மேற்பட்ட பாடம் ஒன்றைப் படித்துக் காட்டச் சொல்லலாம். ஆய்வகம் இல்லாத இணையவழிப் பாடம் சில இடங்களில் செல்லாது. அறிவியல் துறை அல்லாத மாணவர்களுக்கென்று நடத்தும் எளிய வேதியியல் வகுப்பு பெரும்பாலும் செல்லாது. பாடம் முடித்து ஆறு அல்லது பத்து ஆண்டு ஆகிவிட்டால் காலாவதி என்று சொல்லும் பள்ளிகளும் உண்டு. வேறு தொழிலில் இருந்துவிட்டு வருகிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ‘சி’ அல்லது ‘சி மைனஸ்’ குறைந்தபட்சத் தகுதி. ஐயம் இருந்தால் பாடத்திட்டத்தை இணைத்துச் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் கேட்ட பதில் பின்னால் உதவாது.

ஜி.ஆர்.இ. என்னும் மேற்படிப்பு நுழைவுத் தேர்வைப் பெரும்பாலான பள்ளிகள் கைவிட்டுவிட்டன. சில பள்ளிகள் காஸ்பர் என்னும் சூழ்நிலைத் தீர்ப்புத் தேர்வைக் கேட்கின்றன. அது குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே நடக்கும், முடிவு பள்ளிக்குப் போய்ச் சேரவும் நாளாகும். கோடையிலேயே பதிவு செய்துவிடுவது நல்லது.

அனுபவ மணிகள்

விண்ணப்பத்தில் மற்றவரிடமிருந்து உங்களைப் பிரித்துக் காட்டும் பகுதி இது. அதிகம் குழப்பம் நடப்பதும் இங்கேதான்.

கால்நடை மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் செய்தது கால்நடை மருத்துவ அனுபவம். பண்ணை வேலை, காப்பகத்தில் கூண்டு சுத்தம் செய்வது, குதிரை லாயம், நாய்ப் பயிற்சி போல மருத்துவர் மேற்பார்வையின்றி விலங்குகளோடு செய்தது விலங்கு அனுபவம். இவை தவிர ஆராய்ச்சி, வேலை, தன்னார்வப் பணி, பாடத்துக்கு வெளியிலான செயல்பாடுகள் என்று தனித்தனிப் பிரிவுகள். ஒரு மணி நேரத்தை ஒரே பிரிவில்தான் காட்டலாம். காப்பகம் ஒன்றில் காலையில் நாய்களைக் குளிப்பாட்டிவிட்டு, மதியம் அங்குள்ள மருத்துவரின் கருத்தடை அறுவையில் உதவினால், காலை நேரம் விலங்கு அனுபவத்திலும் மதிய நேரம் மருத்துவ அனுபவத்திலும் இரண்டு பதிவுகளாக வர வேண்டும். மொத்தத்தையும் மருத்துவ அனுபவம் என்று போட்டால், சரிபார்க்கிறவர் அந்த மேலாளரைக் கூப்பிட்ட நிமிடமே விண்ணப்பம் முழுவதன் மீதும் ஐயம் விழும். வீட்டில் நாய் வளர்த்ததை இதில் எதிலும் சேர்க்காதீர்கள்.

எத்தனை மணி வேண்டும்? குறைந்தபட்சம் எதுவும் சொல்லாத பள்ளிகளும் உண்டு, எண் சொல்கிற பள்ளிகளும் உண்டு. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகப் பள்ளி 180 மணி கேட்டுவருகிறது. குறைந்தபட்சம் என்பது வாசல் மட்டுமே. போட்டியில் நிற்கிறவர்கள் பலரிடம் பல நூறு மணி இருக்கும், மருத்துவமனையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களிடம் ஆயிரத்தைத் தாண்டும். வாரம் 4 மணி நேரம் வீதம் 15 வாரம் போனால் 60 மணிதான் சேரும். இந்தக் கணக்கை முதலாம் ஆண்டிலேயே போட்டுப் பார்ப்பவர் கடைசிக் கோடையில் அலைய மாட்டார்.

எண்ணை விட வகை முக்கியம் என்பது எங்கள் கருத்து. ஒரே நாய்-பூனை மருத்துவமனையில் 600 மணி இருந்தவரை விட, அங்கே 350, மாட்டு மருத்துவரோடு 80, குதிரை மருத்துவரோடு 40, ஆய்வகம் அல்லது வனவிலங்கு மறுவாழ்வு மையத்தில் 100 என்று இருந்தவருக்குத் தொழிலின் அகலம் தெரிந்திருக்கும். கால்நடை மருத்துவர்கள் இறைச்சிக்கூடத்தில் ஆய்வு செய்கிறார்கள், மருந்து நிறுவனங்களில் வேலை பார்க்கிறார்கள், நோய்ப் பரவலைக் கண்காணிக்கிறார்கள். அவர்களில் ஒருவருடன் இரண்டு நாள் இருப்பதுகூட எழுதவும் பேசவும் விஷயம் தரும்.

பெரிய விலங்கு மருத்துவரிடம் கேட்கப் பலர் தயங்குகிறார்கள். பண்ணைப் பகுதிகளில் ஆள் பற்றாக்குறை நெடுநாளாக இருக்கிறது, ஆர்வமுள்ள மாணவரை வரவேற்கும் மருத்துவர்கள் அங்கே நிறையவே உண்டு. சுருக்கமாக எழுதுங்கள்: நீங்கள் யார், எங்கே படிக்கிறீர்கள், வாரத்தில் எந்த நாள் எத்தனை மணிக்கு வர முடியும், எத்தனை வாரம். “எப்போது வேண்டுமானாலும் வருகிறேன்” என்பதை விட “செவ்வாய் காலை 7 முதல் 12 வரை, எட்டு வாரம்” என்று சொன்னால் சரி என்று சொல்வது அவர்களுக்கு எளிது. பதில் வராவிட்டால் ஒரு வாரம் விட்டு நேரில் போய், நெரிசல் இல்லாத நேரத்தில் மேலாளரைப் பாருங்கள். காப்பீட்டுக் காரணத்தால் மறுக்கும் இடங்களும் இருக்கும், அடுத்த இடத்துக்குப் போங்கள்.

போன பிறகு: முன்பக்கம் மூடிய காலணி, கழுவக்கூடிய உடை, மோதிரமும் தொங்கும் காதணியும் வேண்டாம். அறுவையை முதல் முறை பார்க்கும் நாளில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், முழங்காலை விறைப்பாக வைத்து நிற்காதீர்கள். தலை சுற்றினால் சொல்லிவிட்டுத் தரையில் உட்காருங்கள். அதை யாரும் குறையாக நினைப்பதில்லை, சொல்லாமல் மேசை மீது சாய்வதுதான் ஆபத்து. ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்குப் போகும்போது ரப்பர் பூட்ஸைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்யாமல் போகாதீர்கள், நோயைச் சுமந்து செல்வது நீங்களாக இருக்கலாம். ஆடுகள் குட்டி போடும் பருவத்தில் நஞ்சுக்கொடியிலும் பிரசவ நீரிலும், மனிதருக்கும் தொற்றும் கியூ காய்ச்சலின் கிருமி இருக்கக்கூடும், கையுறை இல்லாமல் தொடக் கூடாது. கருவுற்றிருப்பவர்கள் அங்கே போகவே வேண்டாம். உரிமையாளரின் அனுமதியின்றி விலங்கைப் படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போடுவது, ஒரு பரிந்துரைக் கடிதத்தை இழக்க மிக விரைவான வழி.

ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள், நோட்டோ விரிதாளோ எதுவானாலும் சரி. தேதி, இடம், மேற்பார்வையாளர் பெயர், அவருடைய தொலைபேசி, மின்னஞ்சல், மணிக்கணக்கு, பார்த்த விலங்கினங்கள், பார்த்ததும் செய்ததும். படிவம் கேட்பது தொடங்கிய நாள், முடிந்த நாள், வாரத்துக்குச் சராசரி மணி, மொத்த மணி. இரண்டு ஆண்டு கழித்து நினைவிலிருந்து எழுதினால் எண்கள் ஒன்றோடொன்று இடிக்கும். வாரம் 40 மணி வேலை, 20 மணி தன்னார்வம், முழுநேர வகுப்பு எல்லாம் ஒரே செமஸ்டரில் வந்து நிற்கும். அன்று நெகிழவைத்த, குழப்பிய ஒரு நிகழ்வையும் இரண்டு வரி குறித்து வையுங்கள். கட்டுரைக்கும் நேர்முகத்துக்கும் அதுதான் சரக்கு.

பள்ளிகளைத் தேர்வதும் பணமும்

முதல் நிபந்தனை, அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமான ஏ.வி.எம்.ஏ. அமைப்பின் கல்விக் குழு தரும் அங்கீகாரம். அமெரிக்காவில் 30-க்கு மேற்பட்ட பள்ளிகள் இந்த வட்டத்துக்குள் வருகின்றன. லண்டன் ராயல் வெட்டரினரி காலேஜ், எடின்பரோ, கிளாஸ்கோ, டப்ளின், மெல்பர்ன், மாஸி போன்ற வெளிநாட்டுப் பள்ளிகளுக்கும், கரீபியத்தில் ராஸ், செயின்ட் ஜார்ஜஸ் பள்ளிகளுக்கும் இந்த அங்கீகாரம் உண்டு. புதிய பள்ளிகளுக்குத் தற்காலிக அங்கீகாரம் மட்டும் இருக்கலாம். அது என்ன நிலையில் இருக்கிறது என்று விண்ணப்பிக்கும் ஆண்டில் பாருங்கள்.

இரண்டாவது, நீங்கள் எந்த மாநிலவாசி என்பது. மாநிலப் பள்ளிகள் தம் மாநிலத்தவருக்கு இடங்களை ஒதுக்குகின்றன, கட்டணமும் குறைவு. கால்நடை மருத்துவப் பள்ளி இல்லாத சில மாநிலங்கள் அண்டை மாநிலத்தோடு ஒப்பந்தம் செய்து இடமும் உதவியும் வாங்கித் தருகின்றன; மேற்கு மாநிலங்களில் விச்சி என்ற கூட்டமைப்பு இதைச் செய்கிறது. இதற்குத் தனி விண்ணப்பமும் தனித் தேதியும் உண்டு. வி.எம்.காஸ் தானாக இதைச் சேர்க்காது என்பதால் தவறவிடுபவர் பலர். ஒஹையோ, மிசௌரி போன்ற மாநிலங்களில் முதலாண்டுக்குப் பிறகு விதிகளை நிறைவேற்றி மாநிலவாசியாக மாறிக் கட்டணத்தைக் குறைக்க வழி உண்டு. நான்கு ஆண்டு மொத்தச் செலவை ஒப்பிடும்போது இதையும் கணக்கில் சேருங்கள்.

பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைகள் 21 வயதில் அந்த நிலையை இழப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். விண்ணப்பிக்கும் வயதும் ஏறக்குறைய அதுவேதான். எஃப்-1 என்னும் மாணவர் விசாவுக்கு மாறினால் சில பள்ளிகளில் மாநிலவாசித் தகுதியும், சில பள்ளிகளில் விண்ணப்பிக்கும் தகுதியுமே மாறும். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்காத பள்ளிகள் இருக்கின்றன. சேர்க்கும் பள்ளிகள் செலவுக்கான பணம் இருப்பதற்கு ஆதாரம் கேட்கும். விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் உங்கள் விசா நிலையைத் தெளிவாக எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கூட்டரசுக் கல்விக் கடன் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் கிடைக்கும், எஃப்-1 மாணவருக்குக் கிடைக்காது. 2025-இல் வந்த சட்டத்தால் 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் பிளஸ் என்னும் மேற்படிப்புக் கூட்டரசுக் கடன் இல்லை; தொழிற்பட்ட மாணவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று உச்சவரம்பு வந்திருக்கிறது. வெளிமாநிலக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்தால் பல பள்ளிகளில் இந்த வரம்பைத் தாண்டும். மீதியை எங்கிருந்து கொண்டுவருவது என்பது பள்ளிப் பட்டியல் போடும்போதே பேச வேண்டிய பேச்சு. குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள்.

எத்தனை பள்ளிக்கு அனுப்புவது? எண்ணிக்கை கூடக் கூடக் கட்டணமும் ஏறும், துணை விண்ணப்பக் கட்டுரைகளும் குவியும். உங்கள் மாநிலப் பள்ளி கட்டாயம். அதோடு முன்தேவைப் பாடங்கள் முழுதாகப் பொருந்தும், வெளிமாநிலத்தவருக்கு உண்மையில் இடம் தரும் நான்கைந்து பள்ளிகள். ஒரு பாடம் குறைகிற பள்ளியைப் பெயருக்காகச் சேர்ப்பது பணத்தை வீணடிப்பது.

கற்பிக்கும் முறையையும் பாருங்கள். சில பள்ளிகளுக்குச் சொந்தப் போதனா மருத்துவமனை உண்டு. வேறு சில பள்ளிகள் கடைசி ஆண்டு மாணவர்களை வெளியிலுள்ள மருத்துவமனைகளுக்கு அனுப்புகின்றன. இரண்டாம் வகையில் ஊர் ஊராக மாறித் தங்கும் செலவை யார் ஏற்கிறார்கள் என்று கேளுங்கள்.

படிவத்தை நிரப்புவது

படிவம் நான்கு பகுதி: சொந்த விவரம், கல்வி வரலாறு, துணை விவரங்கள், பள்ளிவாரித் தேவைகள். இரண்டாவதுதான் நேரம் தின்னும்.

நீங்கள் படித்த ஒவ்வொரு கல்லூரியும் அதில் வர வேண்டும். மேல்நிலைப் பள்ளியில் இருந்தபோது சமுதாயக் கல்லூரியில் எடுத்த ஒற்றை வகுப்பும் கணக்கு. அந்த மதிப்பெண் உங்கள் பல்கலைக்கழகப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது என்றாலும், அந்தச் சமுதாயக் கல்லூரியிலிருந்து தனியாக அதிகாரபூர்வப் பட்டியல் வர வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் உங்களுக்கென்று ஒரு பிரதியை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தே ஒவ்வொரு பாடத்தையும் அதன் குறியீடு, தலைப்பு, கிரெடிட், மதிப்பெண் மாறாமல் தட்டுங்கள். நினைவிலிருந்து வேண்டாம். பாதியில் விலகிய பாடமும், திரும்ப எடுத்த பாடத்தின் முதல் மதிப்பெண்ணும் சேர்த்துப் பதிய வேண்டும். உங்கள் கல்லூரி பழைய மதிப்பெண்ணை நீக்கியிருக்கலாம், வி.எம்.காஸ் இரண்டையும் எடுத்துச் சராசரி போடும். அதனால் அங்கே வரும் ஜி.பி.ஏ. என்னும் மதிப்பெண் சராசரி உங்கள் கல்லூரி சொல்வதை விடக் குறைவாக இருந்தால் பதற வேண்டாம். காலாண்டு முறையில் படித்தவர்களுக்கு ஒரு காலாண்டு கிரெடிட் 0.667 செமஸ்டர் கிரெடிட்டாக மாறும். ‘மூன்று கிரெடிட் வேண்டும்’ என்று கேட்கும் பள்ளிக்கு மூன்று காலாண்டுக் கிரெடிட் போதாது.

அதிகாரபூர்வப் பட்டியலைக் கல்லூரிதான் நேரடியாக வி.எம்.காஸ்-க்கு அனுப்ப வேண்டும். தபாலில் போனால் படிவத்திலிருந்து அச்சிடும் அடையாளத் தாள் கூடவே போக வேண்டும், இல்லையேல் உங்கள் கோப்பில் சேராமல் கிடக்கும். வசந்த செமஸ்டர் மதிப்பெண் பதிந்த பிறகு கேளுங்கள். அதற்கு முன் கேட்டால் பாதிப் பட்டியல் போய்ச் சேரும். ஜூன், ஜூலை அதற்கு ஏற்ற காலம். இந்தியா உள்ளிட்ட வெளிநாடுகளில் படித்தவர்கள் டபிள்யூ.இ.எஸ். போன்ற மதிப்பீட்டு நிறுவனம் வழியாகப் பாடவாரி மதிப்பீடு வாங்க வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறை வாங்குவதிலிருந்து தொடங்கினால் இதற்கு மாதங்கள் ஆகும், ஜனவரியிலேயே ஆரம்பியுங்கள்.

பதிந்ததில் பெரிய பிழை இருந்தால் விண்ணப்பம் திருத்தத்துக்குத் திரும்பி வரும். கடைசித் தேதிக்கு முந்தைய நாள் சமர்ப்பித்தவருக்கு அதைத் திருத்த நேரம் இருக்காது. பெரும்பாலான பள்ளிகள் கடைசித் தேதிக்குப் பிறகுதான் விண்ணப்பங்களைப் படிக்கத் தொடங்குகின்றன, ஆகவே மே மாதத்திலேயே அனுப்ப ஓட வேண்டியதில்லை. ஆகஸ்ட் நடுவில் அனுப்புவது நிதானமானது. சமர்ப்பித்த பிறகு கட்டுரையையும் பதிந்த அனுபவங்களையும் மாற்ற முடியாது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் செய்யவிருக்கும் மணிகளைச் செய்ததாகக் காட்டாதீர்கள்.

பரிந்துரைக் கடிதங்கள்

பெரும்பாலும் மூன்று கடிதம் வேண்டும், ஆறு வரை போகலாம். குறைந்தது ஒரு கடிதம் கால்நடை மருத்துவரிடமிருந்து வர வேண்டும் என்று பல பள்ளிகள் கேட்கும். இன்னொன்று பாடம் நடத்திய பேராசிரியரிடமிருந்து. உறவினர் எழுதக் கூடாது, உறவினர் கால்நடை மருத்துவராகவே இருந்தாலும். பெரிய பதவியில் இருப்பவர் எழுதும் பொதுப் புகழ்ச்சியை விட, உங்களோடு 200 மணி நேரம் நின்ற இளம் மருத்துவர் எழுதும் கடிதம் பலமடங்கு கனம்.

மே மாதத்திலேயே நேரில் கேளுங்கள். “எனக்கு நல்ல கடிதம் எழுத முடியும் என்று நினைக்கிறீர்களா?” என்றே கேட்கலாம். தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் போங்கள். ஒப்புக்கொண்டவருக்கு உங்கள் விவரத்தாள், கட்டுரையின் முதல் வடிவம், அவரோடு செய்த வேலைகளின் பட்டியல், கடைசித் தேதி எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் கொடுங்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று படிவம் கேட்கும். விட்டுக்கொடுங்கள், பார்க்கப்படாத கடிதத்தையே குழு நம்பும். படிவத்திலிருந்து அவருக்குப் போகும் தானியங்கி மின்னஞ்சல் அடிக்கடி ஸ்பாம் பெட்டிக்குள் விழுகிறது. அனுப்பிய அன்றே “வந்ததா?” என்று கேளுங்கள். கடிதங்கள் வந்து சேரும்வரை காத்திருக்காமல் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கலாம். ஆனால் கடிதங்களுக்கும் கடைசித் தேதி உண்டு, ஆகஸ்ட் கடைசியில் பணிவாக ஒரு முறை நினைவூட்டுங்கள்.

கட்டுரை

வி.எம்.காஸ் கட்டுரைக்கு இடைவெளிகள் உட்பட 3,000 எழுத்துகள்தான் இடம், ஆங்கிலத்தில் ஏறக்குறைய 500 சொற்கள். எல்லாப் பள்ளிக்கும் ஒரே கட்டுரை போவதால் எந்தப் பள்ளியின் பெயரையும் அதில் எழுதாதீர்கள்.

சிறுவயது முதல் விலங்குகளைப் பிடிக்கும் என்பதைப் படிக்கிறவர் ஏற்கெனவே நூறு முறை படித்திருப்பார். அவருக்குத் தெரிய வேண்டியது, இந்தத் தொழிலின் கடினமான பக்கத்தைப் பார்த்த பிறகும் நீங்கள் ஏன் வருகிறீர்கள் என்பது. பணமில்லாததால் சிகிச்சையைக் கைவிட்ட உரிமையாளர், கருணைக்கொலை செய்துவிட்டு அடுத்த அறையில் தடுப்பூசிக்கு வந்த நாய்க்குட்டியிடம் சிரித்த முகத்தோடு போன மருத்துவர் – இப்படி நீங்கள் கண்ட ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் மருத்துவர் என்ன முடிவெடுத்தார், ஏன், அது உங்களுக்கு எதை மாற்றியது என்று எழுதுங்கள். விவரத்தாளில் உள்ளதை வாக்கியமாக்கித் திரும்பச் சொல்லாதீர்கள். ஒரு செமஸ்டர் மதிப்பெண் சரிந்திருந்தால், பல பள்ளிகள் அதற்கென்று தனி இடம் வைத்திருக்கின்றன. அங்கே காரணம் இரண்டு வரி, பிறகு என்ன மாற்றிக்கொண்டீர்கள் என்பது இரண்டு வரி.

கால்நடை மருத்துவர் ஒருவரிடமும், துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடமும் படிக்கக் கொடுங்கள். முன்னவர் உண்மைப் பிழையைப் பிடிப்பார், பின்னவர் புரியாத இடத்தைக் காட்டுவார்.

நேர்முகம்

நேர்முகமே வைக்காத பள்ளிகள் சில. மற்றவை குழு முன் உட்கார வைக்கும், அல்லது எம்.எம்.ஐ. எனப்படும் பல்நிலைய நேர்முகம் நடத்தும். அதில் அறை வாசலில் ஒட்டிய சூழ்நிலையை ஒன்றிரண்டு நிமிடம் படித்துவிட்டு உள்ளே போய்ச் சில நிமிடம் பேச வேண்டும், மணி அடித்ததும் அடுத்த அறை.

சூழ்நிலைகள் பெரும்பாலும் சரியான விடை இல்லாதவை. ஆரோக்கியமான நாயை வீடு மாறுவதால் கருணைக்கொலை செய்யச் சொல்கிறார் உரிமையாளர். சிறுநீர் அடைப்போடு வந்த பூனைக்குச் சிகிச்சை செய்யப் பணமில்லை. விட்டால் சில நாளில் இறந்துவிடும். உடன் வேலை செய்பவர் மருந்தளவை மாற்றி எழுதியதை நீங்கள் கண்டுவிட்டீர்கள். முதலில் சிக்கல் என்ன என்று உங்கள் சொல்லில் சொல்லுங்கள். யார் யாருக்குப் பாதிப்பு, விலங்குக்கு என்ன ஆகும், எந்தத் தகவல் இன்னும் தெரிய வேண்டும், என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று வரிசையாகப் போய், கடைசியில் ஒரு முடிவைச் சொல்லுங்கள். எல்லாப் பக்கமும் பேசிவிட்டு முடிவு சொல்லாமல் நிற்பதுதான் பலர் செய்யும் பிழை. உரிமையாளரை வில்லனாக்குவது இன்னொன்று. வறுமையைக் குற்றமாகப் பேசுகிறவரிடம் யாரும் தங்கள் விலங்கைக் கொண்டுவர மாட்டார்கள். சிகிச்சை அறிவை இங்கே யாரும் சோதிப்பதில்லை, தெரியாத மருத்துவத்தைப் பேசாதீர்கள்.

பயிற்சிக்கு ஒரு நண்பரும் ஒரு கடிகாரமும் போதும். ஐந்து நிமிடம் வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள். மனத்துக்குள் பழகினால் நேரம் பிடிபடாது.

முடிவு வந்த பிறகு

ஒன்றுக்கு மேல் இடம் கிடைத்தால் ஏப்ரல் 15 வரை யோசிக்க உங்களுக்கு உரிமை உண்டு. போக மாட்டோம் என்று தெரிந்த இடத்தை மட்டும் உடனே விட்டுவிடுங்கள், காத்திருப்புப் பட்டியலில் ஒருவர் அந்த இடத்துக்காக உட்கார்ந்திருக்கிறார். காத்திருப்புப் பட்டியலில் இருப்பது நீங்கள் என்றால் தொலைபேசியையும் மின்னஞ்சலையும் கோடை முழுவதும் கவனியுங்கள், வகுப்பு தொடங்கும் வாரம் வரைகூட அழைப்பு வரலாம். பதில் சொல்ல ஓரிரு நாள்தான் தருவார்கள். இடம் பெற்றவர்கள் மீதமுள்ள பாடங்களை முடித்து இறுதி மதிப்பெண் பட்டியலை அனுப்ப வேண்டும், வெறிநாய்க்கடி முன்தடுப்பூசியும் பெரும்பாலும் கேட்பார்கள்.

கிடைக்கவில்லை என்றால், கோப்பை எப்படிப் படித்தார்கள் என்று விளக்கும் வசதியைச் சில பள்ளிகள் தருகின்றன. வசந்த காலத்திலேயே அதற்குப் பதிவு செய்து, சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த சுற்றில் பாடப் பதிவுகளைப் பழைய கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கடிதங்களைப் புதிதாகக் கேட்க வேண்டும். அதே கட்டுரையை அப்படியே அனுப்பாதீர்கள். போன முறைக்கும் இந்த முறைக்கும் நடுவில் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் குழு முதலில் தேடும்: ஜி.பி.ஏ. குறை என்றால் கல்லூரியின் மேல்வகுப்பு அறிவியல் பாடங்களில் நல்ல மதிப்பெண், அனுபவம் குறை என்றால் மருத்துவமனையில் ஓர் ஆண்டு வேலை, பள்ளித் தேர்வில் பிழை என்றால் வேறு பட்டியல்.